18 வயதுக்கு மேல், மலைமேல், யார் பொறுப்பு?

கேள்வி: ஏற்காடு மலை, நாகலூர்ப் பக்கத்திலிருந்து, 8 ஜூன் 2025

என் அண்ணனுக்கு 24 வயது. அறிவுசார் குறைபாடு, சர்ட்டிஃபிகேட்டில் 75 சதவீதம் போட்டிருக்கிறார்கள். மாதம் 2000 ரூபாய் வருகிறது. அம்மாவுக்கு மூட்டு போய்விட்டது, அவனைத் தூக்கிக் குளிப்பாட்ட முடியவில்லை. நான் எஸ்டேட்டில் நாள் கூலி. கீழே போய்க் கேட்டால், “ஹோமில் சேர்த்துவிடுங்களேன்” என்கிறார்கள். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள அரசாங்கத்துக்கு ஏதாவது கடமை இருக்கிறதா, இல்லை அது எங்கள் பாடுதானா?

பதில்: 8 ஜூன் 2025, மாலை

இருக்கிறது தம்பி.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியல் இருக்கிறது. அதன் 9-வது இனம், ஊனமுற்றோருக்கும் வேலை செய்ய இயலாதோருக்கும் நிவாரணம். ஆகவே சென்னையில் இருக்கும் அரசு டெல்லியைக் கைகாட்டிவிட்டு ஒதுங்க முடியாது. அடுத்து, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 5. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அவர்களுக்குச் சமூகத்தில் வாழும் உரிமை உண்டு, இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது, வீட்டிலும் ஊரிலும் கிடைக்கிற ஆதரவுச் சேவைகளுக்கு அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது. உடன் இருந்து உதவும் ஆளும் அந்தச் சேவைகளில் சேர்த்தி.

ஹோமில் விடச் சொன்னவரிடம் மறுபடி போங்கள். “5-வது பிரிவின்படி வீட்டில் வைத்துப் பார்க்க என்ன உதவி கிடைக்கும், எழுத்தில் கொடுங்கள்” என்று மனு கொடுத்து, ரசீது வாங்கி வாருங்கள். வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள்.

8 ஜூன், இரவு

சாயங்காலம் சட்டத்தை மட்டும் எழுதிவிட்டேன். மனசு கேட்கவில்லை.

என் மகனுக்கு 27 வயது. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் சேர்ந்து இருக்கிறது. எங்கள் வீடு வாழவந்தி போகிற வழியில். அவன் அப்பா தவறிய பிறகு நான் அங்கன்வாடி வேலைக்குப் போயாக வேண்டியிருந்தது. கீழே ஒரு ஹோமில் விட்டேன். சுத்தமான இடம்தான், பார்த்துக்கொண்டவர்களும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அங்கே அவனுக்கு யாரையும் தெரியாது. அவனுடைய பேச்சைப் புரிந்துகொள்ள அங்கே ஆள் இல்லை. கொஞ்ச நாளில் பேசுவதையே விட்டுவிட்டான். பிறகு சாப்பாட்டையும் ஒதுக்க ஆரம்பித்தான். கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது காலையில் பஸ் நிறுத்தத்து டீக்கடைக்குப் போவான். எந்த வண்டிக்கு எந்த டிரைவர் என்று அவனுக்குத் தெரியும். பனி மூடின நாளில் பஸ் வருமா வராதா என்று ஊர்க்காரர்கள் அவனைத்தான் கேட்கிறார்கள். அவன் “லேட்டு” என்று சொன்னால் பாதிப் பேர் உட்கார்ந்து இன்னொரு டீ சொல்வார்கள். கடைக்காரருக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.

இந்த வாழ்க்கையை எந்த ஹோமிலும் தர முடியாது. அதே சமயம், டீக்கடைக்காரர் என் மகனைப் பார்த்துக்கொள்கிறார் என்பதற்காக அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது என்று ஆகாது. அவர் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டால்?

11 ஜூன் 2025

சேலம் குகைப் பகுதியிலிருந்து ஒருவர், “2000 எந்த மூலைக்கு? ஆந்திராவில் 6000” என்று எழுதியிருக்கிறார். உண்மைதான். அங்கே 2024 ஜூலையிலிருந்து 3000-ஐ 6000 ஆக்கினார்கள். நம் ஊரில் பராமரிப்பு உதவித்தொகை 1500-லிருந்து 2000 ஆனது 2023 ஜனவரியில். ஒரு நாளைக்கு 66 ரூபாய் சொச்சம்.

2016 சட்டத்தின் 24-வது பிரிவில் ஒரு கணக்கு இருக்கிறது. மற்றவர்களுக்கு இருக்கும் அதே மாதிரித் திட்டத்தில் கொடுப்பதைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். முதியோர் ஓய்வூதியம் 1200, வருவாய்த் துறை கொடுக்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1500. சரியாக 25 சதவீதம், அதற்கு மேல் ஒரு ரூபாய் இல்லை. சட்டம் கீழ்வரம்பாகப் போட்டதை நம்மவர்கள் மேல்வரம்பாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதே பிரிவில் ‘அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு’ என்றும் இருக்கிறது. எந்த ஆபீஸில் கேட்டாலும் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான்.

தொகை கூட வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. போராடுகிற சங்கங்களோடு நானும் நிற்பேன். ஆனால் நாளைக்கே 6000 வந்தாலும் நாகலூர்த் தம்பி அதை வைத்து யாரை வேலைக்கு வைப்பார்? நவம்பரில் காப்பிப் பழம் பறிக்க ஆரம்பித்தால் லைன் வீடுகளில் கைக்குழந்தையும் கிழவியும் தவிர ஆளே இருப்பதில்லை. பழகின ஆள் வேண்டும், பகலில் போய் இருக்க ஓர் இடம் வேண்டும். இவை இரண்டும் மணியார்டரில் வராது.

15 ஜூன் 2025

“சின்ன வயதில் எதுவும் செய்யாமல் விட்டால் இப்படித்தான்” என்று ஒருவர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவருக்காக இல்லை, படிக்கிற சின்னப் பிள்ளைகளின் பெற்றோருக்காக விரிவாக எழுதுகிறேன்.

18 வயது வரைக்கும் ஓரளவுக்கு ஏற்பாடு இருக்கிறது. 2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் டாக்டர் குழு வந்து பிள்ளைகளைப் பார்க்கும். வளர்ச்சியில் தாமதம் தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். தலை நிற்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதாகியும் ஒரு சொல் வரவில்லை என்றால் “அவங்க தாத்தாவும் லேட்டாத்தான் பேசினார்” என்று சொல்லி நாளைக் கடத்தாதீர்கள். அங்கன்வாடியில் இருந்தபோது இந்தப் பேச்சை நான் எத்தனையோ வீட்டுத் திண்ணையில் கேட்டிருக்கிறேன்.

பிறகு பள்ளிக்கூடம். 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, 2016 சட்டம், பிரிவு 31. பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கே வருவார். தொடக்க வகுப்புகளில் 10 பிள்ளைக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பிள்ளைக்கு ஒருவர் என்று, 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு, 2022-ல் மத்திய அரசு அளவு வைத்திருக்கிறது.

என் மகனுக்கு வந்த பயிற்றுநர் அம்மா ஸ்கூட்டரில் வருவார். சட்டைப் பொத்தான் போடவும், அஞ்சு ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் வித்தியாசம் பார்க்கவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். பொத்தானுக்கு மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. அவசரப்படவே மாட்டார். அவனுக்கு 18 ஆனதும் அந்த ஸ்கூட்டர் நின்றுவிட்டது. அவர்மேல் குற்றம் இல்லை, அவருடைய பட்டியலில் இவன் பெயர் இல்லை. ரொம்ப நாளைக்கு அந்த நேரத்துக்கு வாசலில் போய் உட்கார்ந்திருந்தான்.

18-க்கு மேல் என்ன இருக்கிறது என்று தேடினால் உதவித்தொகை, ஹோம், ஒரு சில தொழிற்பயிற்சி நிலையங்கள். மூன்றில் முதலாவதுதான் மலை ஏறி வருகிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி வைத்த மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கு வரும், அது நல்ல காரியம். தம்பி, உங்கள் அம்மாவின் மூட்டுக்கு அதில் கேளுங்கள், இயன்முறைச் சிகிச்சை வீட்டிலேயே செய்வார்கள். அண்ணனைத் தூக்குகிற முறையையும் அவர்களிடம் காட்டச் சொல்லுங்கள். முதுகு போகாமல் தூக்குவதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆனால் பேச்சுப் பயிற்சிக்கும், கோபம் வந்தால் தலையை முட்டிக்கொள்கிற பிள்ளையை எப்படி ஆற்றுவது என்று வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லித்தரவும் அதில் ஆள் கிடையாது.

உலக வங்கிக் கடனில் நடக்கிற உரிமைகள் திட்டத்தில் ‘விழுதுகள்’ என்று மையங்கள் திறக்கிறார்கள். எல்லாத் தெரபியும் ஒரே கூரையில், அதோடு ஊர் ஊராகப் போகும் வாகனமும் உண்டு. அந்த வாகனம் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வர வேண்டும். ஏறி வந்து ஏற்காடு ஏரிக்கரையிலேயே நின்றுவிடவும் கூடாது. மாரமங்கலத்துக்காரர்களும் செம்மநத்தத்துக்காரர்களும் ஏரிவரைக்கும் பிள்ளையைத் தூக்கி வருவதற்கே அரை நாள் போய்விடும்.

16 ஜூன்

டவுன் பஸ்ஸில் துணைக்கு வருபவருக்கும் இலவசமா என்று கேட்டவருக்கு: ஆமாம். சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை, 2021-லிருந்து. அடையாள அட்டையைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

22 ஜூன் 2025

பகலில் போய் இருக்க ஓர் இடம் என்று எழுதினேன் இல்லையா. “அதெல்லாம் வெளிநாட்டுக் கதை” என்று பதில் வந்திருக்கிறது. வெளிநாடு இல்லை, பாலக்காடு தாண்டினால் இருக்கிறது.

கேரளத்தில் ‘பட்ஸ்’ என்று பள்ளிகள் இருக்கின்றன. அறிவுசார் குறைபாடு உள்ள ஏழைப் பிள்ளைகளுக்காக உள்ளாட்சிகளே குடும்பஸ்ரீ என்கிற பெண்கள் அமைப்போடு சேர்ந்து நடத்துகிறார்கள். முதல் பள்ளி 2004-ல் வெங்ஙானூர் பஞ்சாயத்தில் வந்தது. 18 வரைக்கும் பட்ஸ் பள்ளி, 18-க்கு மேற்பட்டவர்களுக்கு பட்ஸ் மறுவாழ்வு மையம். பகலில் போய்விட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அம்மா கூலிக்குப் போகலாம், பிள்ளை அவனுடைய கட்டிலிலேயே தூங்கலாம். எனக்கு வேண்டியது இவ்வளவுதான், நாகலூர்த் தம்பிக்கும் இதுதான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

பஞ்சாயத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்பார்கள். அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணை, 26-வது இனம்: சமூக நலம். மாற்றுத்திறனாளிகள், மனவளர்ச்சி குன்றியோர் நலமும் அதில் சேர்த்தே எழுதியிருக்கிறது. பஞ்சாயத்துகளிடம் மாநிலம் ஒப்படைக்கலாம் என்று குறித்த வேலைகளில் அதுவும் ஒன்று. ரோடு, தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி தாண்டி அந்தப் பட்டியலை நம் பஞ்சாயத்துகளில் யார் படித்தார்கள்?

இப்போது இன்னொரு சிக்கல். சேலம் உள்பட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் இந்த ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தலைவர் இல்லை, தனி அலுவலர்தான். ஆகவே கேட்பதை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கேட்க வேண்டும். இதற்கிடையில் ஏப்ரலில் சட்டமன்றத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது: உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். அடுத்த மன்றம் கூடும்போது ஏற்காடு ஒன்றியத்தில் அந்த நாற்காலியில் உட்காருகிறவர், பேச முடியாத, கையெழுத்துப் போட முடியாத எங்கள் பிள்ளைகளுக்காகவும் வாயைத் திறக்க வேண்டும். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கேட்பது அவசியம்தான். எங்கள் பிள்ளைகளுக்குச் சாய்தளத்தோடு ஓர் ஆளும் வேண்டும்.

22 ஜூன், இரவு

மையத்தில் என்ன வேலை செய்வார்கள் என்று கேட்டீர்கள். மலையில் வேலைக்கா பஞ்சம்? என் மகன் பக்கத்து எஸ்டேட்டில் காப்பி நாற்றுப் பைக்கு மண் நிரப்புவான். ஒரே அளவு, ஒரே அழுத்தம், ஒரு பை கூடச் சாயாது. மேஸ்திரியே மற்றவர்களிடம் எடுத்துக் காட்டுவார். மிளகு பிரிப்பது, காப்பிக்கொட்டையில் உடைசல் பொறுக்குவது, பாக்கெட் போடுவது என்று எவ்வளவோ இருக்கிறது. கூலியை மட்டும் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். “பாவம், சும்மா இருப்பதற்கு இது பொழுதுபோக்கு” என்று சொல்லி டீயோடு அனுப்புகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது.

29 ஜூன் 2025

மகன் சாக்ரமென்டோவில் இருக்கிறார் என்று அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு பெரியவர் எழுதியிருந்தார். அவர் பேத்திக்கு ஆட்டிசம். அங்கே வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கென்று லான்டர்மன் சட்டம், 1969-லிருந்து இருக்கிறது. கலிஃபோர்னியா முழுக்க 21 வட்டார மையங்கள். லாப நோக்கம் இல்லாத நிறுவனங்கள் மாநில அரசோடு ஒப்பந்தம் போட்டு நடத்துகின்றன. ஒவ்வொருவர் பேருக்கும் ஒரு தனித் திட்டம் எழுதுவார்கள்: இவருக்கு என்ன வேண்டும், யார் செய்வது, எப்போது மறுபடி பார்ப்பது என்று. 1985-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், இந்தச் சேவைகள் அவர்களுடைய உரிமை, கொடுப்பது மாநிலத்தின் கடமை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1999-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜார்ஜியா மாநிலத்துப் பெண்கள் இருவர் வழக்கில் இன்னும் ஒரு படி போனது. ஊரோடு வாழக்கூடியவரை, அவர் அதை மறுக்காதபோது, தேவையில்லாமல் விடுதியிலேயே வைத்திருப்பது பாகுபாடு என்றது.

பெரியவர் பெருமூச்சு விட்டிருந்தார். ஐயா, நம்மிடமும் அதற்கு ஒரு வாசல் இருக்கிறது. 2016 சட்டம், பிரிவு 38, உயர் ஆதரவு. உங்கள் பிள்ளைக்கு இன்னின்ன உதவி தேவை என்று நீங்களோ உங்களுக்காக ஒரு தொண்டு நிறுவனமோ விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டு வாரியம் பார்த்து, தேவை எப்படிப்பட்டது என்று சொல்லும். அதன்படி உதவி கிடைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். உதவித்தொகைக்கு வரிசையில் நிற்கிற நாம் இதற்கு விண்ணப்பம் போடுவதில்லை. போடாவிட்டால், மலையில் தேவையே இல்லை என்று ஃபைலில் எழுதிக்கொள்வார்கள்.

3 ஜூலை 2025

சீலநாயக்கன்பட்டியிலிருந்து ஓர் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை. “ஹோம் வேண்டாம் என்கிறீர்கள். எனக்கு 71 வயது. என் மகளுக்கு என்னைத் தவிர யாரும் இல்லை. நான் போன பிறகு அவளை உங்கள் டீக்கடையிலா விடுவது?”

அம்மா, உங்கள் கேள்விக்கு முன்னால் என் மகன் கதை செல்லாது. எனக்காவது தங்கை இருக்கிறாள். ஹோமே கூடாது என்று நான் நினைக்கவில்லை. வேறு வழி எதையும் காட்டாமல் ஹோமை மட்டும் காட்டுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. யோசித்துப் பார்த்தால் நமக்கு இடைப்பட்ட ஒன்று வேண்டும். அம்மாவுக்கு ஆபரேஷன், ஒரு சாவு, ஒரு கல்யாணம் என்றால் பத்து நாள் மட்டும் விட்டு எடுக்கிற இடம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கான மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் ‘சமர்த்’ திட்டம் அதற்காக வந்ததுதான், பெரியவர்கள் நிரந்தரமாகத் தங்க ‘கரௌண்டா’. பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் முன்வந்தால்தான் இவை ஊருக்கு வரும். நிறுவனம் எட்டிப் பார்க்காத மலைக்கு எப்படி வரும்? அங்கேதான் மாநிலம் கை கொடுக்க வேண்டும்.

நிரந்தரமாகத் தங்குகிற இடம் என்றாலும் சேலத்துக்குள், தெருவுக்குள், பத்துப் பேருக்கு மேல் இல்லாத வீடாக இருந்தால் நீங்கள் தைரியமாகக் கண்ணை மூடலாம். ஊருக்கு வெளியே காம்பவுண்டுக்குள் வைத்தால் உள்ளே நடப்பது யாருக்கும் தெரிவதில்லை. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை ஏர்வாடியில் சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் தீயில் மாட்டினார்கள். 28 பேர் செத்தார்கள். அவர்கள் மனநோயாளிகள், வேறு வகை, தெரியும். ஆனால் “எங்கேயாவது விட்டால் போதும்” என்று அனுப்பிவைத்த குடும்பங்களின் நிலைமை நம் நிலைமைதான்.

6 ஜூலை 2025

“பெற்ற அம்மாவே கார்டியன், தனியாக எதற்குப் பேப்பர்?” என்று ஒருவர் எழுதியது தவறு. 18 வரைக்கும்தான் அப்படி. 18 ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் தனி ஆள், பேங்கில் உங்கள் கையெழுத்து நிற்காது. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-ன்படி கலெக்டர் தலைமையில் மாவட்டத்தில் உள்ளூர்க் குழு இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கும் சட்டபூர்வப் பாதுகாவலரை அது நியமிக்கும். நியமனம் ஆன 6 மாதத்துக்குள் பாதுகாவலர், தன் பொறுப்பில் இருப்பவருடைய சொத்து விவரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், பிறகு வருடா வருடம் கணக்கு. பங்காளிகள் கண் வைத்திருக்கிற இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிற வீட்டில் இது ரொம்ப முக்கியம்.

அதே அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும், தெரபிச் செலவும் சேர்த்து. குழந்தைகளுக்கு மட்டும் என்று யாரோ சொன்னார்களாம். இல்லை, வயது வரம்பு கிடையாது.

13 ஜூலை 2025

நேற்று ராத்திரி நல்ல மழை. போன டிசம்பர் ஞாபகம் வந்துவிட்டது. ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதே, அப்போது என் மகனுடைய வலிப்பு மாத்திரை தீரும் நிலை. அதை நிறுத்தக் கூடாது. தெரிந்த பையன் ஒருவன் குப்பனூர்ப் பாதை வழியாகக் கொண்டுவந்து கொடுத்தான்.

2016 சட்டம், பிரிவு 8: மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அந்த மாவட்டத்து மாற்றுத்திறனாளிகள் விவரத்தைப் பதிவாக வைத்திருக்க வேண்டும், ஆபத்து வந்தால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். கேட்கப் போகிறவற்றில் இதையும் சேர்த்துவிட்டேன். இந்த மாத்திரைகள் ஏற்காட்டிலேயே எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

20 ஜூலை 2025

மனு தயார். நாகலூர்த் தம்பி பிரதி எடுத்துவிட்டார். நாளை திங்கள், கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள். காலை முதல் பஸ்ஸில் இறங்குகிறோம். மூன்று விஷயம்தான் கேட்கிறோம்: ஏற்காட்டில் 18-க்கு மேற்பட்டவர்களுக்குப் பகல்நேர மையம், பஞ்சாயத்துகளுக்கு முறை வைத்து மேலே வரும் தெரபி வாகனம், பிரிவு 38-க்கான மதிப்பீட்டு முகாம் மலையிலேயே. மழைக்காலப் பதிவும் மாத்திரையும் இணைப்பில் போகிறது.

பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குப் போவோம். அவருக்கு விசாரிக்கிற அதிகாரம் இருக்கிறது. அவர் பரிந்துரை செய்தால், எடுத்த நடவடிக்கையை 3 மாதத்துக்குள் அந்த அலுவலகம் தெரிவித்தாக வேண்டும், 2016 சட்டம், பிரிவு 81.

நம் மலையிலுள்ள வேலூர்க்காரர், தலைச்சோலைக்காரர் இரண்டு பேரும் பெயர் தந்துவிட்டீர்கள். மஞ்சக்குட்டையிலிருந்து இன்னும் யாரும் எழுதவில்லை, அங்கே பிள்ளைகள் இருப்பது எனக்கே தெரியும். அடையாள அட்டை நகல், சர்ட்டிஃபிகேட் நகல், ரேஷன் கார்டு நகல் கொண்டு வாருங்கள். பிள்ளையைக் கூட்டிவர முடிந்தால் கூட்டி வாருங்கள். வரிசையில் நேரம் ஆகும், அவர்களுக்கு வேண்டிய சாப்பாடும் மாற்றுத் துணியும் மறக்க வேண்டாம். என் மகனும் வருகிறான், எந்த டிரைவர் வண்டி என்று இப்போதே சொல்லிவிட்டான்.